மூன்று கார் மாப்பிள்ளை

"அடுத்தவன் ஓட்டுற வண்டியில இந்த ஹேமநாதன் கண்ணு மூடினதா சரித்திரமே கெடையாது மச்சான். இனிமேலும் மூடாது. எழுதி வெச்சுக்கோ."

பாரிவாக்கம் ஹேமநாதன் இப்படித் திருவாய் மலர்ந்தருளியது, திருத்தணி போய்த் திரும்பிய ஒரு வேனில். ஓட்டியவன் அவர் மனைவி வசந்தாவின் தம்பி வினோத். வேனில் பதினோரு பேர். ஒன்பது பேர் வாயைப் பிளந்து தூங்க, ஹேமநாதன் மட்டும் முன்சீட்டில் நெட்டுக்குத்தலாக உட்கார்ந்து, "லாரி வருது பாரு", "பாத்துட்டியா", "பாத்தேன்னு வாயால சொல்லு" என்று வந்தார். திருவள்ளூர் தாண்டியதும் வினோத், மாமா கொஞ்சம் தூங்கினால் தனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கேட்டுக்கொண்டான். அதற்கு வந்த பதில்தான் மேலே உள்ளது. வினோத் அதை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரிய மனிதரின் வாக்கு அப்படிக் காற்றோடு போகலாமா என்ற கவலையில்தான் இந்த வரலாறு எழுதப்படுகிறது.

ஹேமநாதனுக்கு வயது ஐம்பத்தாறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்தேழு வருடமாக இன்ஸ்பெக்ஷன் மேஜை அவருடையது. ஒரு பீஸை எடுப்பார், அளப்பார், வெளிச்சத்தில் காட்டுவார், திருப்புவார், மறுபடி அளப்பார். முடி அளவு பிசகினாலும் பக்கத்தில் இருக்கும் டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்த்து ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு. கோடு விழுந்தால் பீஸ் தள்ளுபடி. முதலாளியே வந்து கெஞ்சினாலும் மறுபிறவி கிடையாது. ஒரே ஒரு முறை, கூட வேலை செய்தவன் வாய் வார்த்தையை நம்பி ஒரு லாட் பீஸையே அளக்காமல் விட்டார். அது முழுசாகத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவர் எதையும் நம்புவதில்லை. பால் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்ப்பார். தொலைக்காட்சியில் மழை வரும் என்றால் வெளியே போய் வானத்தை விசாரிப்பார். பாரிவாக்கத்துப் பழைய நிலங்களில் எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளைக் கடக்கும்போதெல்லாம், "அடியில இன்னாத்த வெச்சுக் கட்டினானோ" என்று ஒரு முறையாவது நிமிர்ந்து பார்க்காமல் போகமாட்டார்.

அவர் முழுமனதாக நம்பிய ஒரே ஜீவன் அவருடைய ஸ்கூட்டர். டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய சாதி. பங்கில் அளந்து கலப்பதை நம்பாமல், ஆயில் பாட்டிலைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, ஒரு கை தாராளமாகவே ஊற்றுவார். விளைவாக வண்டி கிளம்பினால் முதலில் சத்தம் வரும், அப்புறம் புகை வரும், புகை கலைந்த பிறகு ஹேமநாதன் தெரிவார். "பொகை வந்தாத்தான் உள்ள ஏதோ வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்பது அவர் சித்தாந்தம். சத்தமும் புகையும் இல்லாத பேட்டரி வண்டிகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எதையோ மறைக்கிறான் என்பார். ஒருமுறை சாலையோரம் புகைப் பரிசோதனை செய்யும் வேனில் வண்டியைக் காட்டினார். வண்டி தேறவில்லை என்றார்கள். ஹேமநாதன் பதறவில்லை. "ஒன் மெஷினு சரியா அளக்குதுன்னு சர்டிபிகேட் கீதா? அத்த எடு மொதல்ல" என்று அரை மணி நேரம் வேனை இன்ஸ்பெக்ஷன் செய்துவிட்டு வந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள், கிருஷ்ணப்பிரியா. ஆவடியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. வயது இருபத்தொன்பது ஆனதற்கு அவள் காரணமில்லை. முதல் வரன் அதிகம் சிரித்தான். என்னத்தையோ மழுப்பப் பார்க்கிறான் என்று சிவப்புப் பெயிண்ட். இரண்டாவது வரன் சிரிக்கவே இல்லை, அதற்கும் பெயிண்ட். மூன்றாவது பையனுக்குப் பத்துப் பொருத்தமும் பொருந்தியது. "எல்லாம் அச்சுப் பிசகாம பொருந்துதுன்னா எங்கியோ அரம் போட்டுத் தேச்சிருக்கான்" என்று ஜாதகத்தையே திருப்பி அனுப்பினார்.

நாலாவதாக வந்தவன் நிர்மல். திண்டுக்கல் பக்கம் சொந்த ஊர். பூந்தமல்லியில் அடுக்குமாடி வீடு. எஸ்டேட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க நீலக் காரில் வந்தான். அளவாகச் சிரித்தான். ஒன்பது பொருத்தம். ஹேமநாதன் காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார், டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார், ஒன்றும் சிக்கவில்லை. வேறு வழியில்லாமல் பூ வைத்தார்கள். மண்டபம் பிடித்தாயிற்று. அச்சகத்திலிருந்து பத்திரிகையின் புரூஃபும் வந்து அவர் சட்டைப் பையில் ஏறிவிட்டது. அவர் பார்த்துச் சரி என்று சொன்னால் அறுநூறு பிரதி ஓடும்.

அந்தச் சரி என்ற ஒரு சொல் வராமல் போனதற்குக் காரணம் ஒரு திங்கட்கிழமைக் காலை. குமணன்சாவடி சிக்னலில், மெட்ரோ தூண்களுக்கு நடுவே வேலைக்குப் போகும் கூட்டத்தில் நிற்கிறார் ஹேமநாதன். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார். பின்சீட்டில் நிர்மல். ஓட்டுவது வேறு யாரோ.

நீலக் கார் எங்கே?

சொந்தக் கார் வைத்திருப்பவன் அடுத்தவன் காரில் எதற்குப் போவான் என்பது ஹேமநாதனின் முதல் கேள்வி. ஒரு கணக்குக்கும் அது ஒத்துவரவில்லை. அவர் அறிந்த உலகத்தில் கார் இல்லாதவன் ஷேர் ஆட்டோவில் போவான், கார் உள்ளவன் காரில் தனியாகப் போவான், அதற்குத்தானே கார். மறுநாள் முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, நிர்மல் வீட்டுத் தெருமுனையில் ஒரு இளநீர் வண்டிக்குப் பின்னால் மறைந்து நின்றார். நீலக் கார் வெளியே வந்தது. ஓட்டியது நிர்மல்தான். ஆனால் முன்சீட்டில் ஒரு பெண், பின்சீட்டில் ஒரு ஆள். புதன்கிழமை அந்தப் பெண்ணே ஒரு சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிற்க, நிர்மல் ஏறிக்கொண்டு போனான். வியாழன் மறுபடி வெள்ளைக் கார்.

ஆக மூன்று கார். பெண் பார்க்க வந்தது இரவல் கார் என்ற சந்தேகம் இப்போது அடுத்த படி ஏறியது. பையன் கம்ப்யூட்டர் கம்பெனியே கிடையாது. ஆளில்லாத காருக்கெல்லாம் நாள் கூலிக்குப் போகும் ஆக்டிங் டிரைவர். அப்படியானால் மற்ற நாளில் ஏன் பின்சீட்டில் உட்காருகிறான்? அதுதான் இதில் பெரிய சூழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று ஹேமநாதன் முடிவு கட்டினார்.

வீட்டில் நேராகக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள். சாப்பிடும்போது, மாப்பிள்ளைக்கு அந்த நீலக் கார் சொந்தம்தானே என்று ரசத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சொந்தந்தான்பா. ஆனா வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள்தான் எடுப்பார்" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

உண்மை இப்படி வெட்டவெளிச்சமாக தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஹேமநாதன் அதையும் அளந்தார், திருப்பினார், வெளிச்சத்தில் காட்டினார். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு நாள் கிடைக்கும் கார் வாடகைக் கார்தான் என்று அவருக்கு ருசுவாகிவிட்டது.

அவர் முகத்தைப் பார்த்த மகளுக்கு விஷயம் பிடிபடவில்லை, ஆனால் முகம் பழகிய முகம். தட்டை ஒதுக்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, இவருக்கும் பெயிண்ட் அடிச்சிடாத. எனக்கு அவரப் புடிச்சிருக்கு. திரும்ப ஒருக்கா பட்டுப் பொடவ கட்டிக்கினு காபித் தட்டு தூக்க என்னால முடியாது. இத்தோட நான் இப்படியே இருந்துடுவேன்."

வசந்தா மோரை வைத்துவிட்டுப் போனாள். ஹேமநாதன் அன்று வெகுநேரம் கை கழுவினார். கம்பெனியில் தப்பான பீஸைத் தெரியாமல் விட்டுவிட்டால் திரும்பி வரும். திட்டு வாங்கிக்கொண்டு வேறு பீஸ் அனுப்பலாம். பெண் அப்படித் திரும்பி வந்தால் எதை அனுப்புவது? நல்ல பீஸைத் தள்ளினாலோ, அவள் சொன்னபடியே வீட்டோடு நின்றுவிடுவாள். இரண்டு பக்கமும் இடித்தது. அச்சகத்துக்காரர் போன் செய்தார். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்வதாகப் பதில் சொன்னார்.

ஆகவே வேவு இரண்டாவது வாரத்துக்கும் நீண்டது. அதிலுள்ள சாமர்த்தியத்தைக் குறிப்பிடாமல் விட்டால் பாவம் சேரும். எந்த நிமிடமும் பின்தொடரத் தயாராக இருக்க வேண்டும் என்பதால், இளநீர் வண்டிக்குப் பின்னால் நிற்கும் இருபது நிமிடமும் அவர் இன்ஜினை அணைப்பதில்லை. தெருமுனை முழுக்க நீலமாக மூட்டம் போட்டிருக்கும். பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய் நின்றார்கள். இளநீர்க்காரருக்குப் பொறுமை போயிற்று.

"அண்ணாத்தே, எளநீ வெட்டினா பொகை வாசன அடிக்குது. ஒண்ணு வண்டிய அமுத்து, இல்ல வேற எங்கியானா போய் ஒளி."

ஒளி என்ற சொல்லை ஹேமநாதன் குறித்துக்கொண்டார். தான் ஒளிந்திருப்பது இவனுக்கு எப்படித் தெரிந்தது? இவனும் அந்தக் கூட்டத்து ஆள்தான். அடுத்த நாள் முதல் அவர் இளநீர்க்காரரையும் சேர்த்துக் கண்காணித்தார்.

பின்தொடர்வதிலும் ஒரு முறை வைத்திருந்தார். முன்னால் போகிறவன் கண்ணாடியில் தன் முகம் தெரியாமல் இருக்க ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, கைக்குட்டை. காருக்கும் தனக்கும் நடுவே ஒரு பஸ்ஸாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வார். இத்தனை ஏற்பாட்டிலும், தன் பின்னால் ஒரு தெருவையே மறைக்கும் புகையும், வேலப்பன்சாவடி வரைக்கும் கேட்கும் சத்தமும் ஒரு ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடும் என்ற ஒரு சந்தேகம் மட்டும் அவருக்கு வரவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவனுக்கு வராமல் போகும் சந்தேகம் ஒன்று இருக்கும்.

சிக்னலில் பார்த்த திங்கட்கிழமையையும் சேர்த்து ஒன்பதாவது வேலை நாள். வியாழக்கிழமை. வெள்ளைக் கார் முன்னே போக, ஹேமநாதன் பின்னே. வானகரத்தில் அம்பத்தூர் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிற்று. மூன்றாவது முறை இருமவில்லை. அடங்கிவிட்டது. உதைத்தார், உதைத்தார், பாவாடை சுற்றின மாதிரி புகை சுற்றியதுதான் மிச்சம். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், தாராளமாக ஊற்றிய ஆயிலெல்லாம் அதில் கறுப்பு அல்வாவாக ஒட்டியிருந்தது. கார் போயே போய்விட்டது. ஒன்பது நாள் உழைப்பு.

பழைய துணியால் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் மேல் ஒரு நிழல் விழுந்தது.

"என்னாச்சு மாமா? பிளக்கா?"

நிர்மல். அவன் பின்னால், சாலையின் இடப்பக்கம், இன்ஜின் அணைத்து நிற்கும் வெள்ளைக் கார்.

ஹேமநாதன் எழுந்து நின்றார். பின்தொடரப்படுகிறவன் திரும்பி வந்து பின்தொடர்கிறவனைத் தேடுவது எந்த முறையிலும் சேராது. "நீ இன்னா இங்க?" என்றார், ஏதோ அவன்தான் அவரைத் துரத்தி வந்தவன் போல.

"ரொம்ப நேரமாப் பின்னால சத்தத்தையே காணோம். அதான் திரும்பி வந்து பாத்தோம்."

காரிலிருந்து இறங்கி வந்த இன்னொருவர் தன்னை அருள்மொழி என்று சொல்லிக்கொண்டார். நாற்பது வயது இருக்கும், மிக மரியாதையான மனிதர். "ஒம்பது நாளா நாங்க கண்ணாடிய எறக்கல சார்" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு நாள் பஸ் நடுவுல வந்துச்சு, அப்பவும் நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுது."

முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த பெண் சுவாதி. அவள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள்: "ஒங்க வண்டிச் சத்தம் தெருமுனைல கேட்டாத்தான் அங்கிள் நிர்மல் ஷூ மாட்டுறதே."

ஹேமநாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையும் இறங்கியது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எம் பொண்ணு கிருஷ்ணாவாண்ட சொன்னியா?"

"இல்ல மாமா."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீங்களும் எஸ்டேட்டுக்குத்தான் போறீங்க. ரோடு ஒண்ணுதான். பின்னால வர்றார்னு நான் எப்பிடிச் சொல்ல முடியும்?"

இந்தப் பதிலை ஹேமநாதன் நின்ற இடத்திலேயே அளந்து பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் பிசகு தெரியவில்லை. அதுவே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. ஆனால் மணி எட்டே கால். எட்டே முக்காலுக்குக் கம்பெனியில் மேஜை காத்திருக்கும். ஸ்கூட்டரைப் பக்கத்துப் பஞ்சர் கடையில் நிறுத்தி, கடைக்காரனை நம்பாமல் சங்கிலி போட்டு, பிளக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் வெள்ளைக் காரின் பின்சீட்டில் ஏறினார். நிர்மல் பக்கத்தில் உட்கார்ந்தான். கதவை இரண்டு முறை திறந்து சாத்திப் பார்த்த பிறகு விசாரணை துவங்கியது.

"இது யாரு காரு?"

"அருள்மொழி சாரோடது. திங்கள், வியாழன் அவர் முறை. செவ்வாய், வெள்ளி நான். புதன் சுவாதி."

"அன்னிக்கு நீ அந்தப் பொண்ணு கார்ல போனியே?"

"புதன்கிழமை மாமா."

"மூணு காரு வெச்சிருக்கீங்க. மூணு பேரு ஒண்ணுல போறீங்க. மீதி ரெண்டு?"

"வீட்ல நிக்கும்."

"நிக்கிறதுக்கா வாங்கினீங்க?"

அருள்மொழி முன்னாலிருந்து சிரித்தார். ஆரம்பித்தது பார்க்கிங்குக்காகத்தான் என்று ஒளிவு மறைவில்லாமல் ஒப்புக்கொண்டார். மூன்று பேர் சேர்ந்து வரும் காருக்கு ஆபீஸில் வாசல் பக்கத்திலேயே இடம். தனியாக வந்தால் கடைசி மூலையில், வெயிலில். பிறகு பழகிவிட்டது. சுவாதி சொன்னதைக் கேட்டால், மூன்று கார் ஓட வேண்டிய இடத்தில் ஒன்று ஓடுகிறது, ரோட்டில் இரண்டு காரின் இடமும் இரண்டு காரின் புகையும் மிச்சம். எல்லோரும் இப்படிச் செய்தால் காலை நேரத்தில் இந்த ரோட்டில் மூச்சு விடலாம் என்று சொல்ல வந்தவள், பின்சீட்டில் இருப்பது யார் என்று நினைவு வந்து பாதியில் நிறுத்தினாள்.

ஹேமநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒவ்வொரு காரிலும் ஒரு ஆள். நாலு சீட்டுக்கு ஒரு தலை. எதிர்த்த லேனிலும் அப்படித்தான். இருபத்தேழு வருடமாக இதே ரோட்டில் போகிறார். எதையெல்லாமோ உற்றுப் பார்த்தவர் இதை எண்ணிப் பார்த்ததில்லை. அவர்கள் முன்னால் ஒரு லாரி கறுப்பாக ஊதிக்கொண்டு போனது. அருள்மொழி அனிச்சையாக, வெளிக்காற்று வராதபடி ஏசியை உள்சுற்றுக்கு மாற்றினார். ஒன்பது நாள் பழக்கம். ஹேமநாதனுக்குக் காது சூடானது.

அயனம்பாக்கம் சிக்னல் வந்தது. தொண்ணூறு வினாடி. அருள்மொழி இன்ஜினை அணைத்தார்.

"ஏம்பா, நின்னுடுச்சா?"

"நிறுத்திட்டேன் சார். சும்மா எதுக்கு ஓடணும்?"

சுற்றி இருக்கும் வண்டிகளெல்லாம் உறுமிக்கொண்டிருக்க, அந்தப் பெட்டிக்குள் மட்டும் சத்தமில்லை. ஹேமநாதன் நிர்மலைப் பக்கவாட்டில் பார்த்தார். காதோரம் ஒரு சின்ன வெட்டு, சவரத்தில் பட்டிருக்க வேண்டும். சட்டைக் காலரில் ஒரு நூல் பிரிந்திருந்தது. தேய்த்து மினுக்கிய பீஸ் இல்லை இது. ஒன்பது நாளாகத் தன்னை வேவு பார்க்கிற மாமனாரைப் பற்றி கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் வாய் திறக்காதவன். கோபப்பட்டிருக்கலாம், சிரித்திருக்கலாம், குறைந்தபட்சம் வண்டி நின்றபோது பார்க்காத மாதிரி போயிருக்கலாம்.

சட்டைப் பையிலிருந்து பத்திரிகைப் புரூஃபை எடுத்தார். வியர்வையில் ஓரம் நைந்திருந்தது. ஹேமநாதன் தன் வாழ்நாளில் ஒரு காகிதத்தையும் அடுத்தவன் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னவர் இல்லை. இதையும் கொடுக்கவில்லை, நிர்மல் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீயே பாத்துச் சொல்லு. ஓகேன்னா இன்னிக்கே அடிக்கச் சொல்லிடறேன்."

நிர்மல் அதை விரித்தான். பச்சை விளக்கு விழுந்து கார் நகர்ந்தது. அவன் அவசரப்படவில்லை. பெயர்களைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான், மண்டபத்தின் முகவரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். காலை நாலு மணிக்கே எழுந்து ஒன்பது நாளாக வேவு பார்த்த களைப்பும், ஏசியின் குளிர்ச்சியும், அந்தச் சத்தமின்மையும் பக்கத்தில் என்ன வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று அவன் கவனிக்கவில்லை.

"மாமா, முகூர்த்தம் ஆறுல இருந்து ஏழரைன்னு போட்டிருக்கு. கரெக்ட்தான?"

பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டான். பிறகு திரும்பிப் பார்த்தான்.

தலை நிர்மலின் தோளை நோக்கி ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு விரற்கடை சாய்ந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் கிடந்த கையிலிருந்து ஸ்கூட்டர் பிளக் நழுவி, சீட்டில் ஒரு கறுப்புக் கறை வைத்திருந்தது. சுவாதி பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள். அத்திப்பட்டு வேகத்தடையை அருள்மொழி முதல் கியரில், கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏற்றி இறக்கினார். ஹேமநாதன் குறட்டை விட்டார்.